பொருந்தும் பிளக், பொருந்தாத மின்சாரம்

டாலஸிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணி நேரம் போனால் கேன்டன் வரும். ஒவ்வொரு மாதமும் முதல் திங்களுக்கு முந்தைய வியாழன் தொடங்கி ஞாயிறு வரை இங்கே பெரிய சந்தை கூடுகிறது. ‘ஃபர்ஸ்ட் மண்டே’ என்று பெயர், பெயரில்தான் திங்கள். அந்த நாட்களில் சுற்றுவட்டாரத்து ஆர்வி (தங்கிப் பயணிக்கும் வண்டி) பார்க்குகளில் இடம் கிடைப்பது அரிது. டெக்சாஸ் வெயிலில் வரிசையாக ட்ரெய்லர்கள், ஒவ்வொன்றின் கூரையிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஏசி, ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் புல்லில் இறங்கிப் போகும் தடித்த கறுப்பு வயர்.

அந்த வயர் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ட்ரெய்லர்கள் நிற்கும் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர் தன் வேனில் என்னை ஏற்றிக்கொண்டார். அறுபதைக் கடந்தவர். வேறு தொழிலில் ஓய்வு பெற்றபின், கேன்டனுக்குத் தெற்கே ஏதென்ஸ் என்ற ஊரில் இருக்கும் நேஷனல் ஆர்வி டிரெய்னிங் அகாடமியில் இந்த வேலையைக் கற்றிருக்கிறார். அவரும் மனைவியும் குடியிருப்பதும் ஒரு ட்ரெய்லரில்தான். போன் எடுப்பது, பில் போடுவது, எந்த வாடிக்கையாளரிடம் முதலில் போவது என்று முடிவு செய்வது எல்லாம் அந்த அம்மாள். இவருக்கு அதில் மறுபேச்சு கிடையாது.

ட்ரெய்லர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது. பெடஸ்டல் என்கிறார்கள். மூடியைத் தூக்கினால் பல இடங்களில் 20, 30, 50 ஆம்பியர் என மூன்று சாக்கெட்டுகள், மூன்று பிரேக்கர்கள். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் இருபதுதானே என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் 30 ஆம்பியர் சாக்கெட்டில் வருவது ஒரே ஒரு 120 வோல்ட் ஃபேஸ். மொத்தம் 3,600 வாட். 50 ஆம்பியரில் இரண்டு ஃபேஸ்கள் வருகின்றன, ஒவ்வொன்றிலும் 50 ஆம்பியர். மொத்தம் 12,000 வாட். மூன்று மடங்குக்கும் மேல். பெரிய ட்ரெய்லரை ஓட்டி வந்து 30 ஆம்பியர் இடத்தில் நிறுத்துகிறவருக்கு இது முதல் நாள் இரவே தெரிந்துவிடும். ஏசி ஒன்று 13 முதல் 15 ஆம்பியர் இழுக்கும், மைக்ரோவேவ் ஏறத்தாழ 13, வாட்டர் ஹீட்டர் 12. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழத்தான் செய்யும்.

முப்பதையும் ஐம்பதையும் இணைப்பதுதான் அடாப்டர். இரு முனையிலும் தடித்த பிளக், நடுவில் ஒரு முழம் வயர். பார்க்க நாய்க்குப் போடும் எலும்பு போலிருப்பதால் ‘டாக்போன்’ என்றே கடைகளில் விற்கிறார்கள். ஐம்பதிலிருந்து முப்பதுக்கு, முப்பதிலிருந்து ஐம்பதுக்கு, வீட்டுச் சாக்கெட்டிலிருந்து முப்பதுக்கு என்று இவருடைய பையில் எல்லா வகையும் இருந்தன. “இது முள்ளின் உருவத்தை மாற்றும். பின்னால் வரும் கரண்டை மாற்றாது. இதைச் சொல்லித்தான் பாதி நாள் போகிறது” என்றார்.

அதற்கு அவர் சொன்ன உதாரணம் கொஞ்சம் கொடியது. 30 ஆம்பியர் ட்ரெய்லர் சாக்கெட்டுக்கு மூன்று முள், 120 வோல்ட். அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடும் பழைய வகைச் சாக்கெட்டுக்கும் மூன்று முள், அதுவும் 30 ஆம்பியர், ஆனால் 240 வோல்ட். ஒருவர் தன் வீட்டுக் கார்ஷெட்டில் ட்ரெய்லருக்கென்று ஒரு பாயிண்ட் போடச் சொல்லியிருக்கிறார். வந்த எலக்ட்ரீஷியன் சரியான சாக்கெட்டை வாங்கி, பழக்கதோஷத்தில் உலர்த்திக்குக் கொடுப்பதுபோல இரண்டு ஃபேஸ்களைக் கொடுத்துவிட்டார். பிளக் அழகாகப் பொருந்தியது. மைக்ரோவேவ், டிவி, பேட்டரிக்கு 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் எல்லாம் ஒரு நிமிடத்தில் போயின. எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் உள்ளவர், அனுபவம் உள்ளவர். ட்ரெய்லருக்கு மட்டும் அவர் போட்டதில்லை. இது ஒருமுறை நடந்த அதிசயமில்லை. இந்தத் தொழிலில் எவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்கள்.

அதனால்தான் இவர் எந்தச் சாக்கெட்டையும் நம்புவதில்லை. புதிதாக வந்து நின்ற ஒரு ட்ரெய்லருக்கு அவர் கரண்ட் கொடுத்ததை முழுக்கப் பார்த்தேன். முதலில் பெடஸ்டல் பெட்டியின் இரும்பின் அருகே டெஸ்டர் பேனாவைக் கொண்டுபோனார். நம் ஊர் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரைப் போல முனையை உள்ளே விடவேண்டியதில்லை. கரண்ட் இருந்தால் தொடுவதற்கு முன்பே விளக்கெரிந்து கத்தும். பிறகு பிரேக்கர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். சாக்கெட்டின் முகத்தை டார்ச் அடித்துப் பார்த்தார்: பழுப்பேறியிருக்கிறதா, உருகியிருக்கிறதா? ஈஎம்எஸ் என்ற காவல் பெட்டியைச் செருகி பிரேக்கரைப் போட்டார். வோல்டேஜ், ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருப்பது, எர்த் இருப்பது எல்லாவற்றையும் அது சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடும். 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் 132-ஐத் தாண்டினாலும் துண்டித்துவிடும். திரையில் சரி என்று வந்தபின் பிரேக்கரை மறுபடி அணைத்து, ட்ரெய்லரின் வயரைச் செருகி, பிறகே போட்டார். பிரேக்கரை அணைக்காமல் செருகினால் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொறி பறக்கும். முள் குழி விழும். குழி விழுந்த முள் சூடேறும். அன்று அவர் மாற்றிய பிளக்குகளில் ஒன்று ஒரு பக்கம் கரியாக உருகியிருந்தது. உரிமையாளர் அதன்மேல் டேப் சுற்றி வைத்திருந்தார்.

இருப்பதிலேயே மோசமானது நியூட்ரல் அறுவது. நம் தெருவில் நியூட்ரல் போய், டிவியும் ஃபிரிட்ஜும் ஒன்றாகக் கருகியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 50 ஆம்பியர் இணைப்பிலும் அதேதான்: இரண்டு பக்கமும் 120 இருக்கவேண்டியது, ஒரு பக்கம் 180, மறு பக்கம் 60 என்று ஆடும். கூட்டினால் 240 வந்துவிடும் என்பது மட்டும் மாறாது.

பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆளையே அடிப்பது எர்த் கோளாறு. ட்ரெய்லர் ரப்பர் டயர்மேல் நிற்கிறது. உள்ளே எங்கோ கசியும் கரண்ட், எர்த் வயர் முழுதாக இருந்தால் அதன் வழியே ஓடிவிடும். எர்த் அறுந்திருந்தால் உலோக உடம்பு முழுக்க ஏறி நிற்கும். ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடும் குழந்தைதான் அதற்கு வழி. ‘ஹாட் ஸ்கின்’ என்று இதைச் சொல்கிறார்கள். இதைப் பற்றிப் பல வருடங்களாக எழுதியும் பேசியும் வரும் மைக் சோகோலைப் பற்றி மெக்கானிக் மரியாதையோடு சொன்னார். மூன்று விளக்கு எரியும் சாதாரணப் பிளக் டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டும் சில தவறான வயரிங்கைக்கூட டெஸ்டர் பேனா பிடித்துவிடும் என்பது சோகோல் வலியுறுத்தும் விஷயங்களில் ஒன்று. இரண்டு முள் பிளக்கைச் செருக எர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி வளர்ந்த நமக்கு இது கூடுதல் ஜாக்கிரதையாகத் தோன்றலாம். இங்கே எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிற்பகலில் வந்த அழைப்புகள் பெரும்பாலும் ஒரே புகார்: ஏசி நின்றுபோகிறது. பார்க் முழுக்க ஏசி ஓட, வரிசையின் கடைசிப் பெடஸ்டலில் 103 வோல்ட். காவல் பெட்டி தன் வேலையைச் செய்திருக்கிறது. வாடிக்கையாளர் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். வோல்டேஜ் குறைந்தால் ஏசி மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும் என்று இவர் பொறுமையாக விளக்கி, வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றச் சொன்னார். பார்க்கின் வயர் பருமன் அவர் கையில் இல்லை.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. ஆயிரம் மைல் குலுங்கி வரும் வீட்டின் பிரேக்கர் பெட்டியில் ஸ்க்ரூ தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். வருடம் ஒருமுறை அதை இறுக்குவது கால் மணி நேர வேலை. அதற்குக் காசு கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கருகிய பிறகு கொடுக்கிறார்கள். வாரண்டி வேலைக்குக் கம்பெனிகளிடமிருந்து பணம் வர மாதக்கணக்காகும் என்று அந்த அம்மாள் குறைபட்டார். அதனால் அவர் அந்த வேலையை இப்போது எடுப்பதே இல்லை.

அமெரிக்காவில் நம்மவர்களும் விடுமுறைக்கு ஆர்வி வாடகைக்கு எடுக்கிறார்கள். எடுக்கும்போது அடாப்டர் இருக்கிறதா என்பதோடு ஈஎம்எஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டாலும் தொடாமல் காட்டும் டெஸ்டர் பேனா ஒன்றை வாங்கி, கரண்ட் இருப்பது உறுதியான ஒரு சாக்கெட்டில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கொடுத்ததும் குழந்தைகளை இறங்கவோ ஏறவோ விடுவதற்கு முன், தரையில் நின்றபடி கதவு, படி, இழுவைக் கொக்கி மூன்றிலும் காட்டிப் பாருங்கள். கத்தினால் எதையும் தொடாதீர்கள்; பார்க் அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கரண்டை நிறுத்தச் சொல்லுங்கள்.