ஈரத் தானியமும் பழைய தையல் இயந்திரமும்



தஞ்சைப் பகுதியில் நெல் விளைவிப்போர் 17 என்ற எண்ணை மறப்பதில்லை. தளர்வு அறிவிக்கப்பட்டாலன்றி, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை அரசின் கொள்முதல் நிலையங்கள் ஏற்பதில்லை. ஈரத்தை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்களும் கண்டித்திருக்கிறார்கள். ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள், விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். இதனை அபூஹுரைரா (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று, மறைத்ததே குற்றம்.

எங்கள் தெருவில் துணி தைத்துப் பிழைக்கும் ராத்தா ஒருவர், ஓர் அறக்கட்டளையின் பழைய பொருள் கடையில் 3,500 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்கினார். முதல் நாளே நூல் அறுந்துகொண்டே இருந்தது. பழுது பார்ப்பவர் கழற்றிப் பார்த்தபோது, உள்ளிருந்த விரிசலைப் பசையால் அடைத்து வர்ணம் பூசியிருந்தது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கச் சென்றவரிடம், "சதகாவாக வந்த பொருளம்மா, பணமும் ஏழைகளுக்குத்தான் போகிறது. இதில் குறை சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டேன், தம்பி" என்றார் ராத்தா. மனமுவந்து விட்டுக்கொடுப்பது நன்மை. வெட்கத்தால் வாயடைத்துப் போவதை அப்படிச் சொல்ல இயலாது.

வாங்கும்போது தெரியாத குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹ் நூல்கள் 'கியாருல் ஐப்' என்கின்றன. பழையது என்று அறிந்தே வாங்குவதால் தேய்மானத்தைக் குறையாகச் சொல்ல முடியாது. மறைக்கப்பட்ட விரிசல் குறையே. ஆனால் குறையை அறிந்தபின்னும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் அவ்வுரிமை போய்விடும்.

நாட்டின் சட்டமும் துணை நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்து வாங்கியவரை நுகர்வோர் என்கிறது. சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வாங்கியவரும் அதில் அடங்குவார். இலவசமாகப் பெற்றவருக்கு இது பொருந்தாது. 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ரசீது மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

ராத்தாவுடன் அவர் மகனும் நானும் சென்று நிர்வாகியிடம் இவற்றைப் பணிவாக எடுத்துரைத்தோம். பணம் இரண்டு தவணைகளில் திரும்பி வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கமாட்டாத பொருளை அறமாகத் தரலாகாது என்பது அல்பகராவின் 267ஆம் வசனம் தரும் படிப்பினை. பழுதான பொருளைத் தருவோர் பழுதைச் சொல்லித் தரட்டும். விற்போர் அதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டட்டும். அறக்கட்டளைக் கடையை நாடி வருபவர் பெரும்பாலும் புதியது வாங்க வசதியற்றவர். அவருடைய 3,500 ரூபாயும் ஏழையின் பணமே.