வற்றிய மின்தேக்கி

வடகவுஞ்சியில் நமது ஆலயத்து ஆம்ப்ளிஃபயர் ஓயாது இரையத் தொடங்கிற்று. வாசகங்கள் பின்வரிசை முதியோரின் செவிக்கு எட்டவில்லை. புதியது வாங்கலாம் என்றனர் சிலர். காணிக்கையிடும் கூலிக்கரங்களை எண்ணி, பழுதுபார்ப்பவரைக் கொண்டு பழையதையே திறந்தோம். குறை மின்தேக்கிகளில் இருந்தது. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அவற்றினுள் இருக்கும் மின்பகுநீர்மம் வற்றிவிடும். மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வு சமன்படாது இரைச்சலாய் ஒலிக்கும்.

மாற்றைத் தேர்வதற்கு நெறி உண்டு. மைக்ரோஃபாரட் அளவு பழையதை ஒத்திருத்தல் வேண்டும். வோல்ட் அளவு கூடலாம், குறையலாகாது. 85 டிகிரி வெப்பம் தாங்குவதினும் 105 டிகிரி தாங்குவது நெடுநாள் உழைக்கும். நேர்முனையும் எதிர்முனையும் பிறழ்ந்தால் வெடிக்கவுங்கூடும். விலை சற்றுக் கூடினும் 105 டிகிரியையே தேர்ந்தோம். இரைச்சல் நின்றது.

ஏற்கும் பணியின் அளவு மாறலாகாது. தாங்கும் வலிமை மட்டும் கூடலாம். ஒருவர் விட்ட பொறுப்பை ஏற்கும் எவர்க்கும் இது பொருந்துமன்றோ!