வேடந்தாங்கலில் ஒரு பரீட்சை

பள்ளிக்கூடத்தை விட்டு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இனிமேல் பரீட்சையே கிடையாது என்று நிம்மதியாக இருந்தேன். போன வருஷம் ஜனவரியில் வேடந்தாங்கல் போன இடத்தில், என் இளைய மகன் கேள்வித்தாளை நீட்டிவிட்டான்!

வேடந்தாங்கல், சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் திரும்பவேண்டும். இட்லி, மிளகாய்ப் பொடி, ஒரு தூக்கு புளிசாதம், மாமியார் என்று சகல பரிவாரங்களுடன் போய்ச் சேர்ந்தபோது காலை மணி ஒன்பது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலையைக் காணோம். எங்கே பார்த்தாலும் பறவைகள்தான்.

"அம்மா, பறவை பார்க்கிறவங்களுக்கு ஒரு டெஸ்ட். நானே தயாரிச்சேன்" என்றான் பையன்.

முதல் கேள்வி: கரண்டிவாயனின் வாய் எதைப் போல் இருக்கும்? அ) கரண்டி. ஆ) சல்லடை.

யோசித்து, 'கரண்டி' என்று சொல்லி ஒரு மார்க் வாங்கினேன். நிஜமாகவே அது தண்ணீருக்குள் அலகை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவுவதைப் பார்த்தால், அடிப்பிடிக்காமல் பால்கோவா கிளறுகிற மாதிரியே இருக்கிறது.

இரண்டு: நத்தைகுத்தி நாரை என்ன சாப்பிடும்? அ) நத்தை. ஆ) தயிர்சாதம்.

அதற்கு அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். நத்தையைக் கையாள அது தோதாம்.

மூன்று: பாம்புத்தாரா நீந்தும்போது எப்படித் தெரியும்? அ) பாம்பு மாதிரி. ஆ) பஸ் மாதிரி.

உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. இவர் வேண்டுமென்றே 'பஸ்' என்று சொல்லி முட்டை வாங்கினார்.

நான்கு: வேடந்தாங்கலில் வேட்டையாடலாமா? அ) கூடாது. ஆ) கூடவே கூடாது.

சிரிப்பு வந்தாலும், இது யோசிக்க வேண்டிய கேள்விதான். பெயரிலேயே வேடன் இருக்கிற ஊர். ஆனால் ஊர்க்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 1798ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் அதற்கு எழுத்து மூலமாகவே உரிமை வாங்கிவிட்டார்களாம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. 2022ல் இந்த ஏரி, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

"பாட்டிக்கு மட்டும் ரொம்ப ஈஸி கேள்வி. அந்தக் கிளையில ஒரு கொக்கும் ஒரு நீர்க்காகமும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு. எது வெள்ளை, எது கறுப்பு?"

மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தாண்டா இருக்கு. பனி விலகட்டும், அப்புறம் கேளு."

எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பனியே இல்லை.

"அத்தை, எத்தனை நாளா இப்படிப் பனியாத் தெரியுது?"

"தீபாவளியிலேருந்து இருக்கும். வயசானா அப்படித்தானேம்மா? உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லலை."

அரிசியில் கல்லைச் சரியாகப் பொறுக்குவதில்லை என்று நான் முணுமுணுத்ததெல்லாம் ஞாபகம் வந்து மனசைக் குத்தியது.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. "நல்லா முத்தட்டும்னு காத்திருக்க வேண்டாம். அந்தக் காலம் போயாச்சு" என்றார். ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். அன்றன்றே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இந்த வருஷம் மறுபடி வேடந்தாங்கல் போனோம். பையன் கேள்வித்தாளை எடுப்பதற்குள் மாமியாரே ஆரம்பித்துவிட்டார்.

"அதோ அந்த நீர்க்காகம் ஏண்டா றெக்கையை விரிச்சு வச்சிருக்கு, சொல்லு பார்க்கலாம்?"

அவன் விழித்தான்.

"நனைஞ்சு போச்சுடா! உங்கம்மா கொடியில துணி காயப்போடறாளே, அது மாதிரி."

நீங்களும் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு நடை போய் வாருங்கள். காலையோ மாலையோ, வெயில் தாழ்ந்த வேளை நல்லது. வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். கேள்வி கேட்பதானால், மிகவும் சுலபமானதாகக் கேளுங்கள்.