எடுத்த கட்டியை எறியாதீர்கள்

எச்சில் ஊறுவதற்கென்று நமக்கு மூன்று ஜோடி பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் ஒரு ஜோடி, தாடைக்கு அடியில் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை போக, உதட்டின் உட்புறம், கன்னம், அண்ணம், நாக்கு என்று வாய் முழுக்க 600 முதல் 1,000 வரை சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. தாடை எலும்புக்குள் சுரப்பி கிடையாது. ஆனாலும் அந்த எலும்பின் நடுவிலிருந்து தோண்டி எடுத்து அனுப்பிய சதையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும்போது, அபூர்வமாக, உமிழ்நீர்ச் சுரப்பிக்குரிய புற்று கண்ணில் படுகிறது. பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாய் நோய்க்குறியியல் பிரிவில் ஸ்லைடு பார்ப்பதே என் வேலை. இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்ததும் இந்த ஒரு கட்டிதான், நான் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான்.

பெயர் மியூகோஎபிடர்மாய்ட் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுகளில் அதிகம் காணப்படுவதே இதுதான். 1945-இல் ஸ்டூவர்ட், ஃபுட், பெக்கர் ஆகிய மூவர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். ஆனால் இந்த வகைக் கட்டிகள் நூறு இருந்தால் எலும்புக்குள்ளேயே பிறப்பவை இரண்டிலிருந்து நான்குதான். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம். அதிலும் கடைவாய்ப் பற்கள் தொடங்கித் தாடை வளைந்து மேலேறும் இடம் வரைக்கும். நாற்பது, ஐம்பது வயதில் வருபவர்களே பெரும்பாலும். ஆண்களைவிடப் பெண்கள் சற்றுக் கூடுதல்.

சுரப்பியே இல்லாத இடத்தில் சுரப்பிப் புற்று எப்படி வருகிறது? கரு வளரும்போது சுரப்பித் திசு எலும்புக்குள் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்பது பழைய விளக்கம். இன்று பலரும் ஏற்பது வேறு. முளைக்காமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வருவது சாதாரணம். அந்தக் கட்டியின் உட்படலத்தில் சளி சுரக்கும் செல்கள் அங்கங்கே தோன்றுவதை எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி பார்க்கிறோம். மிக அபூர்வமாக அந்தப் படலமே தடம் மாறிப் புற்றாகிவிடுகிறது. எலும்புக்குள் வரும் இந்தப் புற்றுகளில் கணிசமானவை நீர்க்கட்டியோடோ புதைந்த பல்லோடோ சேர்ந்தே காணப்படுவது இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது.

மாணவர்கள் இங்கே ஒரு குழப்பத்தைக் கொண்டு வருவார்கள்: ஸ்டாஃப்னே குழியில் எலும்புக்குள்ளேயே சுரப்பி இருக்கிறதே என்று. 1942-இல் ஸ்டாஃப்னே என்பவர் கீழ்த்தாடையின் பின்பகுதியில் எக்ஸ்ரேயில் தெரியும் ஒரு குழியைப் பற்றி எழுதினார். 35 பேரிடம் அதைப் பார்த்திருந்தார். தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியின் ஒரு பகுதி எலும்பின் உட்பக்கத்தை அமுக்குவதால் ஏற்படும் பள்ளம் அது. சுரப்பி உண்மையில் எலும்புக்கு வெளியேதான் இருக்கிறது. கட்டியல்ல, கத்தி வைக்கவும் வேண்டாம். தாடை நரம்பு ஓடும் குழாய்க்குக் கீழே தெரிந்தால் ஸ்டாஃப்னே குழியை நினைத்துக்கொள். குழாய்க்கு மேலே தெரிந்தால் பல்லோடு சம்பந்தப்பட்ட எதையாவது தேடு. இதுதான் நான் வகுப்பில் சொல்லும் முதல் பாடம்.

எங்கள் கல்லூரியில் வாய் நோய்க்குறியியல் பிரிவும் ஓ.பி.யும் ஒரே கட்டடத்தில் இருப்பதால், ஸ்லைடுக்கு உரியவரை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. தாடைக் கட்டியோடு வருபவர்கள் வலியோடு வருவது குறைவு. “எனக்கு ஒண்ணும் தெரியலீங்க டாக்டர், முகம் ஒரு பக்கமா இருக்குன்னு எம் பொண்ணுதான் கூட்டிட்டு வந்தா” என்பார்கள். நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கீழ் உதடு மரத்துப் போன மாதிரி இருக்காம்மா?” ஒரு அம்மா யோசித்துவிட்டு, “டீ குடிச்சா அந்தப் பக்கம் சூடு தெரிய மாட்டேங்குது” என்றார். பல் பிடுங்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை, அடிபடவில்லை. ஆனாலும் உதடு மரக்கிறது என்றால் நரம்பை ஏதோ தொட்டுவிட்டது என்று பொருள். அந்த ஒரு வரியைக் கேட்டதுமே நான் எக்ஸ்ரேயை மறுபடி ஒருமுறை பார்ப்பேன்.

பார்த்தும் எக்ஸ்ரே நேரான பதில் தராது. ஓ.பி.ஜி. என்ற முழுத்தாடை எக்ஸ்ரே படத்தில் இந்தப் புற்று ஒரே அறையாகவோ பல அறைகளாகவோ கறுத்துத் தெரியும். ஓரம் தெளிவாகவே இருக்கலாம். அமெலோபிளாஸ்டோமா என்ற பல்திசுக் கட்டியும் அப்படித்தான் தெரியும், கெரட்டோசிஸ்ட் என்ற வகை நீர்க்கட்டியும் அப்படித்தான் தெரியும், சாதாரண நீர்க்கட்டியும் அப்படித்தான். சி.டி. எடுத்தால் எலும்பின் வெளித்தகடு உடைந்திருக்கிறதா, கட்டிக்குள் திடமான பகுதி உண்டா என்பது புரியும். பயாப்ஸி எடுக்கும் அறுவை மருத்துவரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மெலிந்த சுவரில் ஒரு கீற்றை எடுத்து அனுப்பாதீர்கள், அந்தத் திடமான இடத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள்.

அதற்கு முன்னால் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். சாதாரண நீர்க்கட்டியிலிருந்து வெளிர் மஞ்சள் நீர் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் கொழுப்புத் துகள்கள் மின்னும். கெரட்டோசிஸ்ட்டிலிருந்து வெள்ளையாகத் திப்பிதிப்பியாக வரும். வடித்த கஞ்சிபோல இழுத்தால் நீளும் கொழகொழப்பு சிரிஞ்சில் ஏறினால், அங்கே சளி சுரக்கும் செல்கள் இருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும்.

கட்டி என் மேசைக்கு வந்த பிறகு நடப்பது பொறுமையான வேலை. நீர்க்கட்டி என்று சீட்டு எழுதி வந்த பையை நடுவே வெட்டித் திறந்து, உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பார்ப்பேன். மெல்லிய சுவரில் ஓரிடம் மட்டும் தடித்திருந்தாலோ, குருணை குருணையாகத் தட்டுப்பட்டாலோ அந்த இடத்தைத் தனி கேசட்டில் போடுவேன். ஒரு கீற்று பார்த்தால் போதும் என்ற எண்ணம் இங்கே உதவாது. பெரும்பகுதி சாதுவான படலமாக இருந்து, ஒரு மூலையில் மட்டும் புற்று ஒளிந்திருக்கலாம். ஆகவே பை முழுவதையும் பார்த்துவிடுவதே என் வழக்கம்.

எலும்புத் துண்டு கலந்து வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். எலும்பை அப்படியே சீவ முடியாது. சுண்ணாம்பை நீக்கி மென்மையாக்க வேண்டும். ஃபார்மிக் அமிலம், நைட்ரிக் அமிலம் போன்றவை வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும். ஆனால் செல்லின் மரபணுப் பொருளையும் சிதைத்துவிடும். பின்னால் மரபணுச் சோதனை வேண்டும் என்றால் கையில் எதுவும் இருக்காது. அதனால் அமிலத்தைத் தொடுமுன் மென்சதையை எலும்பிலிருந்து பிரித்துத் தனி மெழுகு பிளாக்காக வைத்துவிட வேண்டும். பிரிக்க முடியாததை ஈ.டி.டி.ஏ. கரைசலில் ஊறப்போட வேண்டும். அது பல நாள், சில சமயம் பல வாரம் பிடிக்கும். “ரிப்போர்ட் எப்ப சார் வரும்?” என்று போன் வந்துகொண்டே இருக்கும். வரட்டும்.

ஸ்லைடில் இந்தக் கட்டிக்கு மூன்று அடையாளங்கள். சளி நிரம்பிய வெளிறிய செல்கள், தோல் செல்களை ஒத்த செல்கள், இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு செல்கள். மியூசிகார்மைன் சாயம் போட்டால் சளி செல்கள் ரோஜாச் சிவப்பாக எழுந்து நிற்கும். நான் இத்தனை ஆண்டுகளிலும் அந்தச் சிவப்பைப் பார்த்துச் சலித்ததில்லை. ஆனால் அதே சிவப்பு ஏமாற்றவும் செய்யும். 1980-களின் பிற்பகுதியில்தான் தனி நோயாக விவரிக்கப்பட்ட கிளாண்டுலர் ஓடன்டோஜெனிக் சிஸ்ட் என்ற நீர்க்கட்டியிலும் சளி செல்கள் இருக்கும், சிறு குழிகள் இருக்கும். அது புற்றல்ல. சின்ன பயாப்ஸித் துண்டை வைத்து இரண்டையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

இங்கேதான் மரபணுச் சோதனை கைகொடுக்கிறது. மியூகோஎபிடர்மாய்ட் கார்சினோமா பலவற்றில் 11-ஆம் குரோமோசோமும் 19-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டு, எம்.ஏ.எம்.எல்.2 என்ற மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்கிறது. ஃபிஷ் சோதனையில் அது தெரிந்தால் புற்று என்ற முடிவுக்கு நல்ல பலம். தெரியாவிட்டால் புற்றில்லை என்று எழுதிவிட முடியாது. எல்லாக் கட்டிகளிலும் அந்த மாற்றம் இருப்பதில்லை. ஆகவே சோதனை வந்த பிறகும் எக்ஸ்ரே, ஸ்லைடு, நோயாளி மூன்றையும் ஒன்றாக வைத்தே முடிவு எழுதுகிறேன். கட்டி உண்மையிலேயே எலும்பில் பிறந்ததா, அண்ணத்திலிருந்தோ காதோரச் சுரப்பியிலிருந்தோ உள்ளே நுழைந்ததா என்பதையும் கைவைத்துத் தேடிப் பார்த்தாக வேண்டும்.

சிகிச்சை பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முதல் அறுவை சரியாக இருக்க வேண்டும். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை வீரியம் குறைந்தவை. ஸ்லைடில் சாதுவாகத் தெரிவதால், சுரண்டி எடுத்துவிட்டால் போதும் என்ற ஆசை எழும். வெளிவந்த நோயாளித் தொகுப்புகளில் அப்படிச் சுரண்டியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்து மொத்தமாக அறுத்து எடுத்தவர்களில் அது சுமார் 13 சதவீதம். 1992-இல் புரூக்ஸ்டோனும் ஹூவோஸும் வகுத்த மூன்று நிலைகளை எங்கள் அறுவை மருத்துவர்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். எலும்பு வீங்காமலும் உடையாமலும் இருந்தால் முதல் நிலை. வீங்கியும் உடையாமல் இருந்தால் இரண்டாவது. வெளித்தகட்டைத் துளைத்திருந்தாலோ கழுத்து நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்தாலோ மூன்றாவது.

தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பது என்று சொன்னால் குடும்பமே கலங்கிவிடும். நியாயந்தான். ஆனால் காலிலுள்ள ஃபிபுலா எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்து வைக்கும் முறையை 1989-இல் ஹிடால்கோ என்ற அறுவை மருத்துவர் வெளியிட்டது முதல், இழந்த தாடையைக் கட்டியெழுப்புவது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. பின்னால் அதில் இம்பிளான்ட் பல் பொருத்தலாம், மென்று சாப்பிடலாம். உதட்டின் மரப்பு மட்டும் பெரும்பாலும் தங்கிவிடும்; அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. வீரியம் மிகுந்த கட்டி என்றாலோ வெட்டிய ஓரத்தில் புற்று எஞ்சியிருந்தாலோ கதிர்வீச்சும் தேவைப்படும். வெட்டி வந்த எலும்பின் இரு முனைகளையும், நரம்பு அறுபட்ட முனையையும் நான் தனித்தனியாகப் பார்த்து எழுதுவது அதற்காகத்தான்.

தாடையில் காணும் இன்னொரு சுரப்பிப் புற்றான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில் அந்த நரம்பு முனைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அது நரம்பைப் பற்றிக்கொண்டு படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டி ஊர்ந்து போகும். பத்து வருடம் கழித்துக்கூட நுரையீரலில் தலைகாட்டும். ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இனி வர வேண்டாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

பல் மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞானப்பல்லோடு கூடவே வரும் சிறு பையைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஸ்பிரிட்டிலோ சலைனிலோ போட்டு அனுப்பாதீர்கள். சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலினில், முழுவதையும், எக்ஸ்ரே படத்தோடு அனுப்புங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: தாடையிலிருந்து எதை எடுத்தாலும் “பயாப்ஸிக்கு அனுப்பியாச்சா?” என்று கேளுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஸ்லைடும் பிளாக்கும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். நூறு பைகளில் தொண்ணூற்றொன்பது வெறும் நீர்க்கட்டியாகவே இருக்கும். மீதி ஒன்று யாருடையது என்பது ஸ்லைடைப் பார்த்தால்தான் தெரியும்.