வாயில் திறந்தால் போதுமா?

பொது என்னும் சொல்லை ஒரு கட்டடத்தின் முகப்பில் எழுதிவிடுவது எளிது. எளியோர் அதனுள் அச்சமின்றி நுழைந்து, தம் மொழியில் இரண்டு வார்த்தை பேசித் திரும்பும்வரை அது வெறும் எழுத்தே. கோயில் வாயிலைப் பற்றி இவ்வுண்மையை நம் முன்னோர் போராடிக் கற்றனர். 1924-இல் வைக்கத்தில் அவர்கள் கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமை. 1936-இல் தான் திருவிதாங்கூர் அரசர் தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களை இந்துக்கள் யாவருக்கும் திறந்துவிட்டார். கலைக்கூடத்தின் வாயிலைப் பற்றி நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் மிச்சமிருக்கிறது.

நம் தோட்டப்புறச் சகோதர சகோதரிகளுள் எத்தனை பேர் ஒரு கலைக்கூடத்தின் படியை மிதித்திருப்பர்? தடுப்பார் இல்லை, பல இடங்களில் கட்டணமும் இல்லை. எனினும் பளபளக்கும் தரையும், குளிரூட்டிய அறையும், தணிந்த குரலில் ஆங்கிலம் பேசுவோரும் சேர்ந்து, "இஃது உமக்கன்று" என்று சொல்லாமற் சொல்லிவிடுகின்றனர்.

2020 மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. கலைக்கூடங்கள் கதவடைத்தன. நம் நகரில் இரண்டே அறைகள் கொண்ட சிறு கலைக்கூடம் ஒன்று தன் பொது நிகழ்ச்சிகளைக் கைபேசித் திரைக்குக் கொண்டுவந்தது. ஓவியரோடு உரையாடல், சிறுவர்க்குச் சித்திரப் பயிற்சி, காட்சிப்பொருள்களைப் பற்றிய சொற்பொழிவு என வாரந்தோறும் ஏதேனும் ஒன்று நடந்தது. பேருந்துச் செலவில்லை, கூலி இழப்பில்லை, உடுத்திய உடையைப் பற்றிய கூச்சமில்லை. இதனைச் சீர்திருத்தம் என்றே நாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி தவறன்று.

ஒரு சனிக்கிழமை மாலை, ரப்பர்த் தோட்டப் பொருள்களைப் பற்றிய சொற்பொழிவு. நம் அத்தையாரையும் அருகில் அமர்த்திக்கொண்டோம். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பேச்சாளர் ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினார். 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததையும், 1888-இல் அங்குத் தாவரவியல் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையை வகுத்ததையும் விளக்கினார். பின்பு திரையில் ஓர் உளியும் ஒரு மங்கும் தோன்றின. அத்தையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலாளர் விடியுமுன் வேலைக்குப் போனதைத் தோட்டத்துக் கண்டிப்பின் அடையாளமாகப் பேச்சாளர் கூறினார். அதனை நாம் தமிழில் எடுத்துச் சொன்னோம்.

"கண்டிப்பு இருந்துச்சு, இல்லேன்னு சொல்லலே. ஆனா வெயில் ஏறினா பால் நின்னுபோயிடும் தம்பி. அதுக்குத்தான் இருட்டிலே போனோம்" என்றார் அத்தையார்.

உண்மை அதுவே. இரவுக் குளிரில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். அவ்வேளையிற் கீறினால்தான் பால் நன்றாக ஒழுகும். அத்தையார் மேலும் சொன்னார். முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க வேண்டும். பிறகு பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உளி கட்டையிற் பட்டுவிட்டால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாக வீங்கும்; அவ்விடத்தில் மறுபடி வெட்டுவது அரிது. மரம் நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். இவற்றைச் சொல்லும்போது கையில் உளியில்லை. ஆனால் அவர் மணிக்கட்டு அந்தச் சாய்வை மறக்கவில்லை.

முடிவில் கலைக்கூடத்தார், யாரும் பேசலாம் என்று ஒலிவாங்கியைத் திறந்துவிட்டனர். "நான் சொல்லட்டுமா?" என்றார் அத்தையார். நாம் கையமர்த்தினோம், நம் பக்கத்து ஒலியை நம் விரலாலேயே அடைத்தோம். மூவர் ஆங்கிலத்திற் கேள்வி கேட்டனர். நன்றி கூறி நிகழ்ச்சி முடிந்தது.

"அவுங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும், விடு" என்றார் அத்தையார்.

தெரிந்திருக்கவில்லை. தோட்டத் தொழிலைப் பற்றிய நிகழ்ச்சியில் தமிழுக்கு இடம் வைக்காதது கலைக்கூடத்தார் குற்றம். திறந்திருந்த வாயிலை அடைத்தது நம் குற்றம். இவ்விரண்டில் எது பெரிதென்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

சபையில் தமிழ் பேசினால் இழிவு என்று நமக்குக் கற்பித்தவர் யார்? சிங்கப்பூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன், 1988-இல் பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றிய நாடகத்தை மேடையேற்றினார். அதில் ஹொக்கியன் பேசும் சீன மூதாட்டியும் தமிழ் பேசும் முதியவரும் சந்திக்கின்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. எனினும் தத்தம் பூனையைப் பற்றிப் பேசி மனமொன்றுகின்றனர். அவரே 1990-இல் ஆர்மீனியன் தெருவின் பழைய மின்நிலையத்தில் 'சப்ஸ்டேஷன்' கலையகத்தைத் தோற்றுவித்தார். சிறு கலைக்கூடமும் சிறு அரங்கும் கொண்டிருந்த அக்கலையகம் 2021-இல் அக்கட்டடத்தை விட்டு நீங்கியது. சீனர் ஒருவர் தம் மேடையில் தமிழுக்குத் தந்த இடத்தை, நம் வீட்டில் நாம் நம் அத்தைக்குத் தரவில்லை.

கதவுகள் மீண்டும் திறந்தபின் அத்தையாரை அக்கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். படியருகே செருப்பைக் கழற்றினார். வேண்டாமென்று மாட்டச் செய்தோம். கண்ணாடிப் பேழைக்குள் உளி கிடந்தது. இம்முறை நாம் உரக்கத் தமிழிலேயே பேசினோம். அங்குப் பணிபுரியும் மலாய் இளம்பெண் அருகில் வந்து நின்றார். அத்தையார் தமக்குத் தெரிந்த மலாயில், கை வீசிச் சீவிக் காட்டினார். அப்பெண் தன் குறிப்பேட்டை எடுத்து எழுதலானார்.

கலைக்கூடத்தாரே, பொருளைக் காட்டும்போது அதைக் கையாண்டவரையும் அழையுங்கள். அவர் மொழியிற் பேசவிடுங்கள். அப்பேச்சைப் பதிந்து வையுங்கள். படித்த இளைஞரே, அடுத்த இணையவழி நிகழ்ச்சிக்கு உங்கள் வீட்டு முதியோரைத் திரைமுன் அமர்த்துங்கள். ஒலியைத் திறந்துவிட்டு, அவர் சொல்வதைச் சபைக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பொத்தான் உங்கள் விரலடியில்தான் இருக்கிறது.