அவர் சொல்லாத வாக்கியம்

உளவளத்துணைப் பயிற்சியில் நான் பொய் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்க்குப் பாராட்டும் வாங்கினேன். எங்கள் ஊரான சொறிக்கல்முனையில் என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சொல்லியாயிற்று. ஆனால் நான் ஏமாற்றியது மனிதரை. அவர்கள் காதில் விழும்படி சொல்லாமல் அது தீராது.

வார நாட்களில் பள்ளிக்கூடம், சனி ஞாயிறில் கல்முனைப் பக்கம் உளவளத்துணை வகுப்பு. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும்போது சம்மாந்துறையால் சுற்றியாவது போய்விடுவேன். அவ்வளவு விருப்பம். எங்கள் ஊர் வயற்கரை ஊர். கடல் கிட்டங்கிக்கு அப்பால். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் சுனாமியாக வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நெடுக ஒரு வீட்டையும் விட்டுவைக்காத துக்கம். அதன்பிறகு 'கவுன்சிலிங்' என்ற சொல்லோடு எத்தனையோ பேர் வந்தார்கள், கொஞ்சக் காலத்தில் போனார்கள். போகாமல் இருக்கிறவர்களில் ஒருத்தியாக நான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். போல் சற்குணநாயகம் அடிகளார் மட்டக்களப்பில் யுத்தத்தின் நடுவிலேயே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர். 1996இல் அங்கே பிள்ளைகளின் மனம் ஆறுவதற்காகத் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து விளையாடினார்கள். அந்த வழியில் போகிறேன் என்ற பெருமையும் எனக்குள் இருந்தது. மறைக்கவில்லை.

நாங்கள் படிப்பது ஆள்மைய உளவளத்துணை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் வகுத்த முறை. வந்திருப்பவருக்குப் புத்தி சொல்லாதே, அவரை எடைபோடாதே, அவர் உணர்வதை அவர் பக்கம் நின்று விளங்கிக்கொள், நீ உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இராதே. எழுதும்போது நாலு வரி. பிள்ளைகளுக்கு இருபது வருடத்துக்கு மேலாக விடை சொல்லிக்கொடுத்த வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சியில் ஒரு கட்டாய வேலை உண்டு. துணைநாடியின், அதாவது பேச வருகிறவரின், சம்மதத்தோடு ஓர் அமர்வை ஒலிப்பதிவு செய்து, ஒரு பகுதியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுக்கவேண்டும். அவர் சொன்னது ஒரு நிரலில், நான் சொன்னது அடுத்த நிரலில், அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பது மூன்றாவது நிரலில். ஒலிப்பதிவைக் கேட்டவுடன் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் ஒழுங்கு. ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. என் சொல்லை நம்பித்தான் எல்லாம்.

என்னோடு பேசச் சம்மதித்தவர் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் தாய் ஒருவர். அவருடைய அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நான் அவரை ராத்தா என்பேன். இளைய மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில், தமிழரென்றாலும் முஸ்லிமென்றாலும், பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பது. கட்டி முடியாத வீட்டைப் பற்றியும் நித்திரை இல்லாததைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர், சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"மூத்தவள் இருந்தா இதுக்கு முன்னயே அவளுக்கு ஒரு வீடு கட்டியிருக்கணும், டீச்சர். கையப் புடிச்சிக்கிட்டுத்தான் ஓடின நான். வழுகிப் பெய்த்து. அந்தக் கை..."

அதற்குமேல் அவருக்கு வரவில்லை. விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? "அழாதீங்க ராத்தா. அல்லாஹ் நாடினது அதுதான். இருக்கிற பிள்ளையைப் பாருங்க. வீட்டு வேலை எப்ப முடியும்?" என்றேன். ஒரே மூச்சில். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "டீச்சர், சாயத்தண்ணி ஊத்தட்டா?" என்று எழுந்துபோனார். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வந்த தாய் என்னைக் கவனித்துக்கொள்ள எழும்பவேண்டியதாகிவிட்டது. அவருடைய அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. எனக்காகத்தான் அவரை அழாதே என்றேன்.

இதுவரை நடந்தது பிழை. கற்கிறவள் விடக்கூடிய பிழை. அப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பற்றி வகுப்பில் பேசியிருப்போம், நான் ஏதாவது கற்றிருப்பேன்.

அன்றிரவு குசினி மேசையில் இருந்து எழுதினேன். என் நிரலில் 'அழாதீங்க' என்பதை விட்டேன். அந்த இடத்தில் 'நீண்ட மௌனம்' என்று போட்டேன். அதன்கீழ், "அந்தக் கை இன்னும் உங்கட கைக்குள்ள இருக்குது போல" என்று நான் சொன்னதாக எழுதினேன். எழுதியபின் அது எனக்கே பிடித்துப்போயிற்று. அதோடு நிற்கவில்லை. அவருடைய நிரலில், "ஓம் டீச்சர், இப்பதான் எனக்கு மூச்சு வருது" என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாயின் வாயில், எனக்குப் புள்ளி விழவேண்டும் என்பதற்காக, ஆறுதலை வைத்தேன். நான் செய்தவற்றில் மிகக் கேவலமானது அந்த ஒரு வரிதான்.

பயிற்றுநர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். இப்படித்தான் கூட இருக்கவேண்டும் என்றார். சிலருக்குக் கண் கலங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு ரொஜர்ஸைப் படிக்கப் படிக்கத்தான் சுட்டது. அறைக்குள் நடந்ததை ஒலிப்பதிவு செய்து ஆராய்வதற்கு வழி திறந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1942இல் வெளியான தன் நூலில் ஹேர்பர்ட் பிரையன் என்ற புனைபெயர் கொண்ட ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். எங்கே துணையாளரின் பேச்சு பிசகியது என்பதையும் குறிப்பு எழுதிக் காட்டினார். நான் எழுதிக் கொடுத்த அந்த மூன்று நிரல்களும் அதே நோக்கத்துக்குத்தான். பிழையைப் பார்க்கவென்று உண்டான ஒரு வழியைப் பிழையை மறைக்க எடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், பயம். ஊரில் கடிதம் எழுதவும் சண்டை தீர்க்கவும் என்னிடம் வருவார்கள். டீச்சருக்குத் தெரியும் என்பார்கள். தெரியாது என்று நிற்க எனக்குப் பழக்கமில்லை.

மாதங்கள் கழித்துப் பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. புள்ளி இரத்தாயிற்று. வகுப்பிலும் சொல்லவேண்டும் என்றார், சொன்னேன். ராத்தாவிடம் போய், "நீங்க சொல்லாததை நான் எழுதிட்டன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு மூச்சு வரல்ல டீச்சர்" என்றார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றி அவர் அதன்பின் என்னிடம் பேசவில்லை. பேசவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

நான் இன்னும் உளவளத்துணையாளர் அல்ல. மேற்பார்வையோடு மட்டும் பயிற்சியைத் தொடர்கிறேன். ஊரில் யாராவது என்னை நம்பி ஆட்களை அனுப்ப நினைத்தால், தயவுசெய்து இப்போதைக்கு அனுப்பாதீர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார். ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தொலைபேசியில் பேசுவதென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926.