குறைந்த மருந்து

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய குடும்பங்கள் இன்றும் உண்டு. 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், அக்குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள இங்குள்ளோருக்கு ஆறு மாத அவகாசம் தந்தது. அவ்வாறு தக்கவைத்துக்கொண்ட குடும்பமொன்றைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் பிரான்சில் வாழ்கிறார். எழுபதைக் கடந்தவர், துப்பாக்கி சுடும் சங்கமொன்றில் நெடுநாள் உறுப்பினர். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களோடு புத்தகங்களைப் பற்றிப் பேசுவார். இம்முறை பேச்சு தோட்டாவைப் பற்றியதாயிற்று.

மணிக்கட்டு தேய்ந்துவிட்டது என்றார். கைத்துப்பாக்கியின் உதைப்பைத் தாங்க இயலவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. ஆகவே சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் தாமே மருந்திட்டு, தாமே வார்த்த ஈயக்குண்டைப் பொருத்துகிறார். உரிய அனுமதி பெற்றவர்கள் அங்கே இதைச் செய்யலாம். இங்கோ, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே நாங்கள் பெற்றது கேள்வியறிவு மட்டுமே.

வலைக்கு ஈயக்குண்டு கட்டும் கடற்கரையூரில், ஈயம் 327 பாகையில் உருகும் என்பதோ, உருகிய ஈயத்தில் ஈரம் பட்டால் சீறித் தெறிக்கும் என்பதோ வியப்பளிக்கவில்லை. சிறிது வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் விளிம்புவரை ஓடி நிறையும் என்றார். காற்றோட்டமான இடத்தில் வார்ப்பதும், உணவைத் தொடுமுன் கை கழுவுவதும் அவருக்குச் சடங்கு போலாகிவிட்டன. குண்டின் எடையைக் கிரெய்னில் சொன்னார். வாற்கோதுமை மணியிலிருந்து பிறந்த அளவு அது. நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். அவரது துப்பாக்கிக்கு வழக்கமான குண்டு 158 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல். அவர் வார்ப்பதோ 105. குண்டும் மருந்தும் குறைந்தால் உதைப்பும் குறையும். இலகுவான குண்டு இலக்கில் சற்றுத் தாழப் படும். அதற்கேற்பக் குறிமுள்ளைத் திருத்திக்கொள்கிறார்.

அப்படியானால் மருந்தை இன்னும் குறைக்கலாமே என்று கேட்டோம். "அங்கேதான் ஆபத்து," என்றார். மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். இன்னொன்றும் உண்டு. அவர் பயன்படுத்தும் கூடு கரிமருந்துக் காலத்து அளவில் அமைந்தது. இன்றைய புகையற்ற மருந்து அதன் அடியில் சிறிதளவே கிடக்கும். கைமறதியாய் இரண்டாம் முறை இட்டாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. ஆகவே தட்டில் வரிசையாய் நிறுத்தி, விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கூட்டினுள்ளும் பார்த்த பிறகே குண்டைப் பொருத்துவார். மருந்து தயாரிப்பவர் வெளியிடும் அட்டவணையின் மேலெல்லையை எவரும் மதிப்பர், கீழெல்லையையும் மதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மிகுதியே கேடு என்றுதான் நாங்கள் எண்ணி வந்தோம். சொல்லைக் குறைப்பதே எழுத்தின் அறம் என்று இங்கே பலமுறை வாதிட்டும் இருக்கிறோம். குழலுக்குள்ளேயே நின்றுவிடும் வாக்கியங்களும் உண்டு என்பதை அன்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. முதுமையில் ஒன்றைத் துறந்துவிடாமல் தொடர்வதற்கும் இத்தகைய கணக்கு வேண்டும் போலும்: கை தாங்கும் அளவுக்குக் குறைக்க வேண்டும், இலக்கை எட்டும் அளவுக்கு மீதம் வைக்கவும் வேண்டும்.

விடைபெறுமுன், ஓசை மெலிந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "நிறுத்திவிடுவேன். குழலைத் திறந்து பார்க்காமல் அடுத்ததைத் தொடமாட்டேன்," என்றார்.